பழைய பைக்கை தினமும் ஓட்டப் போகிறீர்களா? எஞ்சினை அப்புறம் பார்க்கலாம்

பழைய பைக் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் காதை எஞ்சினில்தான் வைக்கிறார்கள். டேப்பட் சத்தம் வருகிறதா, புகை தள்ளுகிறதா, பிஸ்டன் மாற்ற வேண்டுமா என்று. நானும் அப்படித்தான் இருந்தேன். இருபது வயது தாண்டிய ஒரு பைக்கில் தினமும் வேலைக்குப் போய்வர ஆரம்பித்தபோது, அது நடுவழியில் நின்ற ஒவ்வொரு தடவையையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். க்ளட்ச் கேபிள் அறுந்தது, பெட்ரோல் டியூப் விறைத்து விரிசல் விட்டது, பிளக் கேப் கழன்றது, ஃபியூஸ் மாட்டும் இடம் பச்சை பூத்துப்போனது, டயர் டியூப் வால்வு அடியில் கிழிந்தது. எஞ்சின் அந்தப் பட்டியலில் ஒரு தடவைகூட வரவில்லை. எல்லாமே உள்ளங்கையில் அடங்கும் சில்லறைச் சாமான்கள்.

அதனால் கீழே உள்ள வரிசையும் அப்படித்தான் போகிறது. முதலில் உயிருக்கு ஆபத்தானவை, அடுத்து வழியில் நிறுத்துபவை, கடைசியில்தான் எஞ்சினுக்குள் இருப்பவை. கார்புரேட்டர் வைத்த, காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர் பைக்கை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்றவற்றுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

தொடங்கும் முன் ஒன்று: உங்கள் மாடலுக்கான சர்வீஸ் புத்தகத்தை எப்படியாவது தேடிப் பிடியுங்கள். நான் இங்கே சொல்லும் அளவுகள் பொதுவானவை, புத்தகத்தில் வேறு எண் இருந்தால் அந்த எண்தான் சரி.

முதல் வேலை: நிற்குமா, நேராகப் போகுமா

ஓடுவதைப் பற்றி யோசிக்கும் முன் நிற்பதைப் பாருங்கள். முதலில் டயர். பூ (தரையில் படும் பள்ள வரிகள்) நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் நம்ப வேண்டாம், அதிகம் ஓடாமல் நின்ற பைக்கில் பூ புதிது போலவே இருக்கும், ரப்பர் மட்டும் கல்லாகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் எண்ணில் கடைசி நான்கு இலக்கங்கள்தான் பிறந்த தேதி. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நான்குக்குப் பதில் மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முன் செய்த டயர், பேசாமல் கழற்றிப் போடுங்கள். பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் ஓடினாலும் அதே தீர்ப்புதான். டயரை மாற்றும்போது டியூபையும், ஸ்போக் ரிம் என்றால் உள்ளே சுற்றியிருக்கும் ரிம் டேப்பையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய டேப் நைந்து ஸ்போக் முனை டியூபைக் குத்தினால், சாலையில் எத்தனை ஆணி தேடினாலும் பஞ்சருக்குக் காரணம் கிடைக்காது.

பிரேக். 1969-இல் வந்த ஹோண்டா சிபி750-க்குப் பிறகுதான் டிஸ்க் பிரேக் மெல்ல மெல்லச் சாதாரண பைக்குகளுக்குப் பரவியது, சிறிய பைக்குகள் அதற்குப் பின்னும் பல வருடம் டிரம்மிலேயே ஓடின. டிரம் என்றால் சக்கரத்தைக் கழற்றி லைனிங் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, லைனிங்கை விரிக்கும் கேம் தண்டு தடையில்லாமல் சுழல்கிறதா என்று பாருங்கள், தண்டைத் துடைத்துத் துளி கிரீஸ் வையுங்கள், லைனிங்கில் படாமல். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதவோ காற்று அடிக்கவோ கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். டிஸ்க் என்றால் பிரேக் ஆயிலை முழுக்க மாற்றிவிடுங்கள், அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அந்த ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும், நீளமான இறக்கத்தில் லீவர் திடீரென்று பஞ்சு போல உள்ளே போகும். டாட் 3, டாட் 4 என்ற வகைகளில் எது என்று மூடியிலேயே எழுதியிருக்கும். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயிண்டை உரித்துவிடும்.

அடுத்து சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரம் தரையில் படாமல் வைத்து, ஹேண்டில்பாரை மெல்ல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் லேசாக 'டக்' என்று உட்கார்ந்தால் கோன் செட் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்) குழி விழுந்துவிட்டது. ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள், கட கடவென்றால் தளர்வு. பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மின் புஷ் போயிருந்தால் அங்கே தெரியும். பிரேக்கும் டயரும் சரியாகும்வரை வேறு எதற்கும் கை நீட்டாதீர்கள், டாங்குக்குப் பெயிண்ட் அடிக்கும் ஆசை உட்பட.

இரண்டாவது: ரப்பரும் கேபிளும்

நின்றுபோகும் சம்பவங்களில் பாதியை இந்த ஒரு வேலை தடுத்துவிடும், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

க்ளட்ச் கேபிள் பெரும்பாலும் லீவரில் மாட்டும் குமிழுக்குப் பக்கத்தில்தான் அறும். ஒவ்வொரு இழையாக, பல வாரம் எடுத்துக்கொண்டு அறும். அதனால் மாதம் ஒருமுறை ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள், ஒரே ஒரு இழை எழுந்து நின்றாலும் மாற்றுங்கள். எண்ணெய் விடுவதாக இருந்தால் கேபிளின் மேல்முனையைக் கழற்றித் தூக்கிப் பிடித்து, மெல்லிய எண்ணெய் அடிமுனையில் சொட்டும்வரை விட வேண்டும், மேலாகப் பூசுவதால் ஒன்றும் ஆகாது. என் பைக்கில் ஒரு வேலை செய்து வைத்திருக்கிறேன்: புது க்ளட்ச் கேபிள் ஒன்றைப் பழையதன் கூடவே அதே பாதையில் ஓடவிட்டுக் கட்டியிருக்கிறேன். அறுந்தால் இரண்டு முனையை மாட்டினால் போதும், டாங்கைக் கழற்ற வேண்டாம். பார்க்க நன்றாக இருக்காது, சரி, யார் பார்க்கப் போகிறார்கள்.

ஆக்சிலேட்டர் கேபிளுக்கு ஒரு சோதனை. பைக்கை நியூட்ரலில் ஓடவிட்டு ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். திருப்பும்போது எஞ்சின் வேகம் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. வளைவில் தானாக ஆக்சிலேட்டர் ஏறுவதை நீங்கள் விரும்ப மாட்டீர்கள்.

பெட்ரோல் டியூபை மடக்கிப் பாருங்கள். விறைத்திருந்தாலோ மடக்கும் இடத்தில் கீறல் தெரிந்தாலோ பெட்ரோலுக்கென்றே விற்கும் ரப்பர் டியூப் வாங்கி மாட்டுங்கள். கையில் கிடைத்த தண்ணீர் டியூப் வேண்டாம், சில வாரத்தில் கட்டையாகி நழுவும், சூடான எஞ்சினுக்கு மேலே பெட்ரோல் சொட்டுவது எங்கே போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை. கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் மேனிஃபோல்டையும் அப்படியே வளைத்துப் பாருங்கள். அதில் வெடிப்பு இருந்தால் கள்ளக் காற்று உள்ளே போகும், ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்க யோசிக்கும். இந்த ஒரு வெடிப்புக்காகக் கார்புரேட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

மூன்றாவது: ஆயில்

வாங்கியவுடன் ஆயிலை மாற்றுங்கள், முந்தைய ஓனர் போன மாதம்தான் மாற்றினேன் என்று சொன்னாலும். 500 கி.மீ. ஓட்டிவிட்டு இன்னொரு முறை. பல பழைய சிறிய எஞ்சின்களில் காகித ஃபில்டரே கிடையாது, ஒரு கம்பி வலை மட்டும்தான். அதனால் புது பைக்குக்குச் சொல்லும் நீண்ட இடைவெளியெல்லாம் இங்கே செல்லாது. புத்தகம் வேறு சொல்லாவிட்டால் 2000 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

க்ளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே மூழ்கியிருக்கும் வகைதான் இவற்றில் அதிகம். கார் ஆயிலை ஊற்றினால் அதில் உராய்வைக் குறைக்கச் சேர்த்திருக்கும் மருந்து க்ளட்ச் தட்டுகளை வழுக்கவைக்கும், எஞ்சின் கத்தும், வண்டி இழுக்காது. டப்பாவில் இந்த வகை க்ளட்ச்சுக்கான தரக் குறியான ஜாசோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா பாருங்கள். 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்ற தடிமன் எண் புத்தகம் சொல்வதுதான், விலை உயர்ந்தது என்பதற்காக மெல்லிய ஆயில் ஊற்றிவிட்டுக் கசிகிறது என்று வருத்தப்பட வேண்டாம்.

வாரம் ஒருமுறை அளவு பாருங்கள். சென்டர் ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து. குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம். அளவு கூடியிருந்தால்தான் பயப்பட வேண்டும். குச்சியை மோந்து பாருங்கள், பெட்ரோல் வாடை வந்தால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை நிறுத்தும் ஃப்ளோட் ஊசி சரியாக மூடாமல், ராத்திரி முழுக்கப் பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கியிருக்கிறது. அந்த ஆயிலோடு ஓட்டவே கூடாது. இதற்காகவே, பைக்கை நிறுத்தியதும் பெட்ரோல் டேப்பை மூடும் பழக்கத்தை இன்றே ஆரம்பியுங்கள்.

ஆயிலை வடிக்கும் போல்ட்டைத் திரும்பப் போடும்போது புது வாஷர், அளவான இறுக்கம். அலுமினிய மரை மன்னிக்காது. ஸ்பார்க் பிளக்கும் அப்படித்தான், விரலால் கடைசிவரை திருகிய பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். நான் ஒருமுறை அவசரத்தில் கோணலாக ஏற்றி மரையைத் தின்ன வைத்து, ஹெட்டைக் கழற்றிப் புது மரை போடவேண்டியதாயிற்று.

நான்காவது: கரண்ட்

ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்குங்கள். நன்றாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரி ராத்திரி முழுக்க நின்ற பிறகு 12.6 காட்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. எஞ்சினை ஓரளவு வேகத்தில் ஓடவிட்டு அளந்தால் 13.5-லிருந்து 14.5-க்குள் வர வேண்டும். அதற்குக் கீழே என்றால் சார்ஜ் ஆகவில்லை, 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய் பேட்டரியை வேகவைக்கிறது. 6 வோல்ட் பைக் என்றால் இவற்றில் ஏறக்குறையப் பாதி.

ஆனால் பழைய பைக்கில் கரண்ட் பிரச்சினை என்றாலே நான் முதலில் சந்தேகப்படுவது எர்த்தைத்தான். பேட்டரியின் நெகட்டிவ் ஒயர் சேசிஸில் மாட்டும் இடத்தைக் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து இறுக்குங்கள். ஹெட்லைட் கிண்ணத்துக்குள் இருக்கும் இணைப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துத் துடைத்து மாட்டுங்கள். மங்கலாக எரிந்த லைட்டும், பிரேக் பிடித்தால் கூடவே மினுக்கிய இண்டிகேட்டரும் இதிலேயே சரியாகிவிட்ட கதை எத்தனையோ. ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸ்தான் போட வேண்டும். கம்பி சுற்றிப் போட்டால் அடுத்து எரிவது ஒயரிங்.

பிளக் கேப் உள்ளே ஒரு திருகுமுனைதான் ஒயரைப் பிடித்துக்கொண்டிருக்கும். மழையில் மிஸ்ஸிங் அடித்தால் கேப்பைத் திருகிக் கழற்றி, பச்சை படிந்த ஒயர் முனையில் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி திருகுங்கள். பல நேரம் வேலை முடிந்தது.

ஐந்தாவது: பெட்ரோல், கார்புரேட்டர்

கார்புரேட்டரைத் தொட எல்லோருக்கும் கை பரபரக்கும். முதலில் அதற்கு முன்னாலும் பின்னாலும் இருப்பதைப் பாருங்கள். என் அனுபவம் ஒன்று. பைக் நன்றாகக் கிளம்பும், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனதும் மூச்சுத் திணறி நிற்கும், கால் மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காதது போல ஓடும். மூன்று தடவை கார்புரேட்டரைப் பிரித்தேன், காயில் மாற்றினேன், ஒரு மெக்கானிக் ரிங் செட் போய்விட்டது என்று அடித்துச் சொன்னார். கடைசியில் பார்த்தால் டாங்க் மூடியில் காற்று போகும் பொடித் துளை அடைத்திருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்று வர வழியில்லாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டது. அடைத்தது வேறு யாரும் இல்லை, மூடியைப் பளபளப்பாக்க நான் தேய்த்த மெழுகுப் பாலிஷ். உங்களுக்கும் இப்படி நின்றால், நின்ற இடத்திலேயே மூடியைத் திறந்து பாருங்கள், 'உஸ்' என்று காற்று போனால் ஆள் அகப்பட்டான்.

டாங்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். துருத் தூள் இருந்தால் டாங்கைச் சுத்தம் செய்யாமல் கார்புரேட்டரை எத்தனை தடவை கழுவினாலும் வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டியதுதான். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது, அது ஈரத்தை இழுக்கும், அந்தக் காலத்து ரப்பரை ஊதவைக்கும். தினமும் ஓட்டுபவருக்கு இதில் ஒரு சௌகரியம், பெட்ரோல் தேங்குவதே இல்லை. மாதக்கணக்கில் நின்ற பைக்கில்தான் பெட்ரோல் காய்ந்து பிசின் போல ஜெட்டில் ஒட்டிக்கொள்ளும்.

அடையாளம் இதுதான்: சோக் போட்டாலோ ஆக்சிலேட்டர் கொடுத்தாலோ மட்டும் ஓடுகிறது, விட்டால் அணைகிறது என்றால் பைலட் ஜெட் (ஆக்சிலேட்டர் கொடுக்காதபோது பெட்ரோல் தரும் துளை) அடைப்பு. அந்தத் துளை தலைமுடி அளவுதான். ஊசியோ இரும்புக் கம்பியோ விட்டால் துளை பெரிதாகிவிடும், கார்புரேட்டர் கிளீனரும் காற்றும் மட்டும். பிரிக்கும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல்-காற்றுக் கலவையை அளவாக்கும் மிக்ஸர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் உள்ளே எத்தனை சுற்று திருகியிருந்தது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே திருகும்போது மெல்ல உட்காரவைத்தால் போதும், இறுக்கினால் முனை கெட்டுவிடும்.

ஜப்பானிய பைக்குகளில் ஒரு சூட்சுமம். அவற்றின் ஸ்டார் ஸ்க்ரூக்கள் பார்க்க வழக்கமானவை போல இருந்தாலும் ஜேஐஎஸ் என்ற வேறு தரம். சாதாரண பிலிப்ஸ் திருப்புளி அதில் முழுதாக உட்காராது, வழுக்கித் தலையை மழித்துவிடும். அந்தத் தரத்திலேயே திருப்புளி கிடைக்கிறது, ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் பல ஸ்க்ரூக்கள் தப்பிக்கும்.

கலவை சரியா என்று பிளக்கே சொல்லும். பிஸ்கட் நிறம் என்றால் நலம். கரி படிந்து வறண்ட கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. கறுப்பாகவும் எண்ணெய்ப் பசையாகவும் இருந்தால் ஆயில் எரிகிறது. வெளுத்துப் போயிருந்தால் காற்று அதிகம், அதைத்தான் தள்ளிப்போடவே கூடாது, எஞ்சின் வெந்துகொண்டிருக்கிறது.

ஆறாவது: செயின்

500 கி.மீ.க்கு ஒருமுறை, மழையில் நனைந்தால் அன்றே, மண்ணெண்ணெயில் துடைத்து எண்ணெய் விடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு கியரில் போட்டுத் துடைக்க வேண்டாம், துணியோடு விரலும் போகும், கையாலேயே சக்கரத்தைச் சுற்றுங்கள். தொய்வு பல சிறிய பைக்குகளில் 25 மி.மீ. சுமாரில் இருக்கும். ஒரே இடத்தில் அளக்காதீர்கள், தேய்ந்த செயின் ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் தொங்கும், இறுகிய இடத்தில்தான் அளவு வைக்க வேண்டும். கிண்ணென்று இழுத்துக் கட்டிய செயின் தொங்கும் செயினைவிடக் கெடுதல், கியர் பாக்ஸ் பேரிங்கையே தின்றுவிடும். செயின் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். ஸ்ப்ராக்கெட் பல் ஒரு பக்கமாகக் கொக்கி போல வளைந்திருந்தால் செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் மொத்த செட்டாக மாற்றுங்கள். செயினை இறுக்கிய பிறகு பின் பிரேக் பெடலின் அளவும் மாறியிருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள்.

ஏழாவது: இப்போது எஞ்சின்

டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே இருப்பது. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், காலையில் முதல் வேலையாகச் செய்வது நல்லது. பிஸ்டன் மேலே வந்து இரண்டு வால்வும் மூடிய நிலையில் ஃபீலர் கேஜ் (அளவு குறித்த மெல்லிய தகடு) வைத்துப் பார்க்க வேண்டும். சிறிய எஞ்சின்களில் 0.05-இலிருந்து 0.10 மி.மீ. வரை என்பது அடிக்கடி காணும் அளவு. லேசான 'டிக் டிக்' சத்தம் கேட்டால் நிம்மதியாக இருங்கள். சத்தமே இல்லாமல் இறுகிப்போன டேப்பட்தான் வால்வை முழுதாக மூடவிடாமல், சூட்டை வால்வு உட்காரும் சீட்டுக்கு இறக்கவிடாமல் எரிக்கிறது.

பாயிண்ட் (பொறிக்கான கரண்டைத் திறந்து மூடும் தொடுமுனைகள்) வைத்த பைக் என்றால் அதன் இடைவெளி 0.3–0.4 மி.மீ. பாயிண்டில் கேம் உரசும் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங் பின்னுக்குப் போகும், இழுவை மந்தமாகும். பெட்ரோலில் நனைத்த தடித்த காகிதத்தை நடுவில் இழுத்துத் துடையுங்கள். டூ ஸ்ட்ரோக்காரர்களுக்கு வால்வு வேலை இல்லை, பதிலுக்குச் சைலன்சரில் கரி எடுக்கும் வேலை இருக்கிறது.

ஓட்டும் முறை

காலையில் கிளப்பியதும் ஆக்சிலேட்டரை முறுக்காதீர்கள், அரை நிமிடம் விட்டு, முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுங்கள். காற்றில் குளிரும் எஞ்சினுக்கு நின்றுகொண்டே ஓடுவது தண்டனை, நீண்ட நெரிசலில் அணைத்துவிடுங்கள். டிரம் பிரேக் நனைந்தால் பிடிக்காது, தண்ணீரைத் தாண்டியதும் லேசாக அழுத்திக்கொண்டே கொஞ்ச தூரம் போய் உலர்த்துங்கள். முன்னால் போகும் வண்டி புதுசாக இருந்தால் அது உங்களைவிடச் சீக்கிரம் நிற்கும் என்பதை வைத்து இடைவெளி விடுங்கள். ராத்திரியில் உங்கள் ஹெட்லைட் எட்டும் தூரத்துக்குள் நிற்கும் வேகம்தான் உங்கள் வேகம்.

பையில் இருக்க வேண்டியவை, நின்றால் செய்ய வேண்டியது

ஒரு பிளக்கும் பிளக் ஸ்பேனரும், இரண்டு ஃபியூஸ், செயின் லாக் ஒன்று, அடிக்கடி தேவைப்படும் மூன்று நான்கு ஸ்பேனர், குறடு, திருப்புளி, கொஞ்சம் கம்பி, இன்சுலேஷன் டேப், டார்ச். புதுப் பாகம் மாட்டும்போது கழற்றிய பழையது இன்னும் வேலை செய்தால் அதை எறியாதீர்கள், அதுதான் பையில் போகும் உதிரி.

நின்றுவிட்டால் முதலில் எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்சைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், நான் அதை அணைத்துவைத்துவிட்டு வியர்க்க வியர்க்கக் கிக்கர் உதைத்தவன். அடுத்து பெட்ரோல் டேப், ரிசர்வ். அதற்கடுத்து கார்புரேட்டர் அடியில் இருக்கும் வடிக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் பெட்ரோல் வருகிறதா, வந்ததைத் துடைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, பிளக்கின் உலோக உடம்பை எஞ்சின் உலோகத்தில் அழுத்தி, பிளக் துளையிலிருந்து தள்ளி வைத்து உதைத்தால் நீலப் பொறி வருகிறதா. பெட்ரோலும் பொறியும் இருந்து, பிளக்கைத் திரும்ப மாட்டி உதைக்கும்போது கிக்கர் தடையே இல்லாமல் இறங்கினால் கம்ப்ரஷன் இல்லை, அன்றைக்குத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

ஒரு தடவையில் ஒரே ஒரு மாற்றம். ஜெட்டையும் பிளக்கையும் டைமிங்கையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு வண்டி மோசமானால் எதைத் திருப்பி வைப்பீர்கள்? தேதி, கிலோமீட்டர், என்ன செய்தேன் என்று மூன்றே வரி நோட்டில் எழுதுங்கள், மெக்கானிக்கிடம் போனாலும் அந்த நோட்டைக் கொண்டுபோங்கள். இரண்டாவது கியரில் போட்டால் தானாக நழுவுகிறது, கிராங்க் பக்கம் கட்டையால் அடிப்பது போலச் சத்தம், ஆயிலில் பளபளக்கும் துகள்கள், இந்த மூன்றில் எது வந்தாலும் நோட்டை மூடிவிட்டு அன்றே அவரிடம் விட்டுவிடுங்கள்.